பாலம் தாண்டும் கண்ணீர்

எக்டாவின் கண்ணீர் பெட்ரோலாக இறங்க ஆரம்பித்தது பெரிய மின்வெட்டு வந்த வருடம், ஈஸ்டருக்கு முந்தின செவ்வாய்க்கிழமை காலையில். காபிமாஸ் ஊரில் அன்றைக்கு அதைவிடப் பெரிய சேதி, கடைக்கு முட்டை வந்திருக்கிறது என்பதுதான். சமையல் கேஸைக் கண்ணால் பார்த்து மாதக்கணக்காகியிருந்தது. பின்கட்டில் மூன்று கல் வைத்து, உடைந்த நாற்காலியின் கால்களை எரித்து அவள் சோள ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். மகன் ரிக்ஸியோவுக்குப் பிடித்தமாதிரி ஓரம் கருகச் சுட்டுவிட்டோம், தின்ன அவன் இல்லையே என்று தோன்றியதும் இரண்டு சொட்டு அடுப்பில் விழுந்தது. அடுப்பு புஸ்ஸென்று மார்பு உயரத்துக்கு எழுந்து, அவள் முன்மயிரைப் பொசுக்கிவிட்டு அடங்கியது. பல் தேய்த்துக்கொண்டிருந்த புருஷன் நேரியோ நுரையும் வாயுமாக ஓடி வந்தான். வந்தவன் அவள் கன்னத்தருகே மூக்கைக் கொண்டுபோய் அப்படியே நின்றுவிட்டான். காபிமாஸுக்கும் ஏரிக்கு அக்கரையில் இருக்கும் மரகாய்போ நகரத்துக்கும் நடுவே முப்பது வருடம் வாடகைக் கார் ஓட்டியவனுக்கு அந்த வாசனை தப்பாது. "கிழவி, எங்கடி ஒளிச்சு வெச்சிருந்த?" என்றான். "எத?" "பெட்ரோல." "நான் அழுதேன். அவ்வளவுதான்." நேரியோ காபி டம்ளரைக் கழுவி அவள் தாடைக்குக் கீழே பிடித்து, "இன்னொரு தடவை அழு" என்றான். இத்தனை வருடம் குடும்பம் நடத்தியவன் கண்ணைத் துடைக்காமல் டம்ளரைப் பிடிக்கிறானே, ரிக்ஸியோ இருந்தால் துடைத்திருப்பானே என்ற நினைப்பில் டம்ளர் நிறைந்துவிட்டது. அதைக் கொண்டுபோய் வண்டியில் ஊற்றினார்கள். மாதக்கணக்கில் அசையாமல் கிடந்த, கட்டில் நீளத்து அமெரிக்க வண்டி, இரண்டு இருமல் இருமிவிட்டு ஓடத் தொடங்கியது.

காபிமாஸில் எண்ணெய்க்குப் பஞ்சம் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். வெனிசுவேலா தேசத்தையே நூறு வருடமாகச் சுமந்த எண்ணெய் அந்த ஊருக்கும் அதை ஒட்டிய ஏரிக்கும் அடியில்தான் கிடக்கிறது. எக்டா வீட்டுப் பின்கட்டிலேயே ஒரு கிணறு உண்டு. அதன்மேல் இரவு பகலாகக் குனிந்து நிமிர்ந்து எண்ணெய் இறைத்த இரும்பு யந்திரத்தை ஊரில் தலையாட்டி என்பார்கள். அது நின்றுபோய் அதன் கழுத்தில் குளவி கூடு கட்டிவிட்டது. கிணறு மட்டும் அடங்கவில்லை. மழை பெய்தால் சமையலறைத் தரை விரிசலில் கச்சா எண்ணெய் கசியும், கோழிகள் கறுத்த கால்களோடு வந்து வெளுத்த துணியில் நடக்கும். கச்சா எண்ணெயில் கார் ஓடாது. அதைக் காய்ச்சிப் பெட்ரோலாக்கும் ஆலைகள் ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன. ஆகவே ஊர் முழுக்க எண்ணெய்மேல் உட்கார்ந்துகொண்டு பெட்ரோலுக்கு வரிசையில் நின்றது. வண்டி எண்ணின் கடைசி இலக்கப்படி ஆளுக்கொரு நாள் என்று சட்டம். அந்த நாளில் வரிசை நகராவிட்டால் அடுத்த முறை வரை அங்கேயே கிடக்க வேண்டும், சிப்பாய் எண்ண வரும்போது வண்டிக்குள் ஆள் இல்லையென்றால் இழுத்து ஓரம் போட்டுவிடுவார்கள். அதனால் வீட்டுக்கொருவர் வண்டியிலேயே குடியிருந்தார்கள். நேரியோ வீட்டில் அது ரிக்ஸியோவின் வேலை. அவன் இருபத்து நாலு வயது இளமையைப் பின்சீட்டில் கழித்தான், பக்கக் கண்ணாடியில் முகம் பார்த்துச் சவரம் செய்தான். ஒருநாள் மத்தியானம், அவன் முறைக்கு முன்னால் ஒரே ஒரு வண்டி இருக்கும்போது சிப்பாய் பலகையைத் திருப்பிப்போட்டு, "தீந்துபோச்சு" என்றான். ரிக்ஸியோ கீழே இறங்கினான். பின்வண்டிக்காரரிடம் சாவியைக் கொடுத்து, "அப்பாகிட்ட குடுத்துருங்க. இந்த வரிசை நகராது, நான் நகர்றேன்" என்று சொல்லிவிட்டு, போட்டிருந்த சட்டையோடு எல்லையைப் பார்த்து நடந்துபோய்விட்டான். வீட்டுக்கு வரவில்லை.

போனதுகூட எக்டாவுக்குப் பெரிதில்லை. ஊரில் பாதிப் பிள்ளைகள் போய்விட்டார்கள். கேட்காமல் போனான் என்பதுதான் நெஞ்சில் முள். அங்கே பிள்ளைகள் வாசல் தாண்டினாலும், வாசலுக்குத் திரும்பினாலும், படுக்கப் போனாலும், ஃபோனை எடுத்தாலும் முதல் வார்த்தை "ஆசீர்வாதம், அம்மா" என்பதுதான். பெற்றவள் "ஆண்டவர் உன்ன ஆசீர்வதிக்கட்டும்" என்று கொடுத்தாக வேண்டும். சண்டை போட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பவள்கூட அதைப் பல்லைக் கடித்தாவது கொடுத்துவிடுவாள். கேட்டதைக் கொடுக்காமல் வைத்துக்கொள்வது மட்டும் வழக்கத்திலேயே கிடையாது. "கேட்டா நான் அழுவேன், அழுதா அவனுக்குக் கால் எழும்பாது, அதான் கேக்கல" என்று எக்டாவே அவனுக்காகப் பேசுவாள். அடுத்த மூச்சில், "கேக்காத பிள்ளைக்குக் குடுத்தா அது எங்கன்னு போய்ச் சேரும்?" என்பாள். ஒரு வருடத்துக்குமேல் அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. இருக்கிறானா, இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. அவன் விட்டுப்போன சாவியை உள்ளங்கையில் வைத்து மூடினால் போதும், கண் நிறைந்துவிடும்.

மெக்கானிக் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்து, "தொண்ணூத்தஞ்சு ஆக்டேன், ஈயம் கலக்காதது" என்று தீர்ப்புச் சொன்னான். மற்ற கண்ணீர்கள் அப்படி இல்லை என்பதும் போகப்போகத் தெரிந்தது. வெங்காயம் அரிந்தால் வெறும் தண்ணீர். தொலைக்காட்சித் தொடர் பார்த்து அழுதால் மண்ணெண்ணெய், புகையும். பழைய கோபத்தை நினைத்து அழுதால் டீசல். பயத்தில் வருவது தண்ணீரோடு சரி. இழந்ததற்காக வருவது ஒன்றுதான் பெட்ரோல். டீசல் விஷயம் கேள்விப்பட்டு ஒரு லாரிக்காரன் வந்தான். வாசலில் நின்று, "உன் ரொட்டி செருப்புத் தோலு! உன் காபி சாக்கடை!" என்று அவளைத் திட்டிப் பார்த்தான். எக்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டதால் லாரி கிளம்பவில்லை. பக்கத்து வீட்டு எல்வியா அடிக்கடி வந்து உட்கார்ந்து, "அந்த மஞ்சச் சட்டை ஞாபகமிருக்காடி? சின்னதுல அதக் கழட்டவே மாட்டானே, காய்ச்சல்லகூட..." என்று தொடங்குவாள். "எல்வியா, பாட்டில வெளிய எடு, வெக்கப்படாத" என்பாள் எக்டா. இரண்டு சிப்பாய்களும் வந்தார்கள். மூத்தவன் மலைநாட்டுக்காரன், மரியாதைப்பட்டவன். "அம்மா, பெட்ரோல் தேசத்தோட சொத்து. நீங்க பாட்டுக்கு எறக்கக் கூடாது" என்றான். "மண்ணுக்கடியில இருக்கறது தேசத்தோடது. என் கண்ணுக்கடியில இருக்கறது யாரோடதுப்பா?" என்று அவள் கேட்டாள். ஆனாலும் சட்டம் சட்டம்தானே. அவன் அவளுடைய அடையாள அட்டையின் கடைசி இலக்கத்தைப் பார்த்து, செவ்வாய், வியாழன், சனி மட்டும் அழலாம் என்று சொல்லி, தன் மோட்டார் சைக்கிளுக்கு ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு போனான். அந்தக் கிழமைகள் தோதாகத்தான் அமைந்தன. ஒடாலிஸுக்கு ரத்தம் சுத்தம் பண்ணும் நாட்களும் அவைதான்.

ஒடாலிஸ் எக்டாவின் தங்கை. அம்மா சீக்கிரம் போய்விட்டதால் எக்டா இடுப்பில் வைத்து வளர்த்தவள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, வாய்க்குப் பஞ்சமில்லை. இரண்டு சிறுநீரகமும் போன பிறகும் வாய் அப்படியே இருந்தது. டயாலிசிஸ் யந்திரம் இருப்பது பாலம் தாண்டி மரகாய்போவில். நேரியோவின் வண்டியில் முன்னால் ஒன்று, பின்னால் மூன்று என்று நாலு சீட். முன்சீட் ஒடாலிஸுக்கு. பின்னால் மூன்று பேர், மூன்று பேரும் அதே யந்திரத்துக்குப் போகிறவர்கள்: எண்ணெய்க் கிணறு தோண்டியே வயதான அவுதியோ, பாஸ்திதாஸ் டீச்சர், மீன்காரர் சிரோ. அந்தத் தடத்து வண்டிகள் எதுவும் சீட் நிறையாமல் கிளம்பாது. ஒரு சீட் காலியாகப் பாலம் ஏறினால், அதில் நடுவழியில் யார் ஏறிக்கொள்வார்கள் என்று சொல்ல முடியாது என்பது டிரைவர்களின் நம்பிக்கை. அடுத்த தெரு டிரைவர் ஒருவனின் வண்டி பெட்ரோல் இல்லாமல் நின்றபோது, அதில் டயாலிசிஸுக்குப் போய்க்கொண்டிருந்த நாலு பேரில் மூன்று பேரை அடுத்த திருவிழா வருவதற்குள் ஊர் புதைத்துவிட்டது. அதனால் எக்டா வாரம் மூன்று நாள் விடிந்ததும், அடுப்பிலிருந்து தள்ளி, வாசலோரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அழும்போது அடுப்பிலிருந்து தள்ளி நிற்பது அந்த வீட்டுச் சட்டமாகியிருந்தது. கையில் சாவி, தாடைக்குக் கீழே புனல். கேனைப் பிடித்துக்கொள்வது ஒடாலிஸ். பாலம் போய்வர ஒரு கேன்.

அந்த மே மாதம் பாலத்தின்மேல் நடந்ததை எக்டா வெகுநாள் கழித்துத்தான் அறிந்தாள். அறிந்தபோது ஒரு சொல் விடாமல் அறிந்துகொண்டாள், அதனால் அதை அதன் இடத்திலேயே சொல்லிவிடலாம். மின்வெட்டுக்குப் பிறகு காபிமாஸில் ஃபோனுக்கு சிக்னல் கிடையாது. பாலத்தின் நடு உச்சியில், ஏரிக்குமேலே, கொஞ்ச தூரத்துக்கு மட்டும் வரும். அங்கே வைத்து நேரியோவின் ஃபோன் அடித்தது. "ஆசீர்வாதம், அப்பா." நேரியோ பாலத்தின் நடுவிலேயே வண்டியை நிறுத்திவிட்டான். "ஆண்டவர் உன்ன... டேய்! எங்கடா இருக்க?" ரிக்ஸியோ பெரு நாட்டில் அரெகிபா என்ற ஊரில் ரொட்டிக்கடையில் வேலை செய்துகொண்டிருந்தான். வழியில் ஃபோன் திருட்டுப்போயிற்று, எண்கள் எல்லாம் அதோடு போயின, நேற்றுச் சந்தையில் நம்மூர் ஆள் ஒருவரைப் பார்த்து அப்பா நம்பர் வாங்கினேன் என்றான். "அம்மாகிட்ட நான் ஆசீர்வாதம் கேட்டேன்னு சொல்லுங்கப்பா. கேக்காம வந்துட்டேன். அது தொண்டையிலயே நிக்குது" என்றான். "சொல்றேன்டா, இன்னைக்கே சொல்றேன்" என்றான் நேரியோ. நாலு பேரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். டீச்சர் மூக்கைச் சிந்தினாள். "எக்டா இன்னைக்கு என்னமா சிரிக்கப் போறா!" என்றார் சிரோ. சொல்லிவிட்டு அவரே வாயை மூடிக்கொண்டார். பிறகு அவுதியோ, வெளியே ஏரியைப் பார்த்தபடி, "அவ சிரிச்சா வியாழக்கிழமை எதுல வருவோம்?" என்றார். கடல் தாண்டி எங்கிருந்தோ பெட்ரோல் ஏற்றிக்கொண்டு கப்பல் வருகிறது என்று அப்போது ஊரில் பேச்சு இருந்தது. எண்ணெய்க்குமேல் மிதக்கும் ஊருக்கு எண்ணெயைக் கப்பலில் கொண்டுவருகிறார்கள் என்று யாரும் அதற்காகச் சிரிக்கவில்லை. கப்பல் வரும்வரை பொறுக்கலாம், வந்த அன்றைக்கே சொல்லிவிடலாம் என்று பின்சீட்டில் முடிவானது. நேரியோ முன்சீட்டைப் பார்த்தான். "நீ சொல்லு. உன் அக்கா." ஒடாலிஸ் கையிலிருந்த ஊசித் தழும்பைத் தடவிக்கொண்டே இருந்தாள். "கப்பல் வரட்டும் அத்தான்" என்றாள். அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. உயிர்மேல் ஆசை இருந்தது.

கப்பல் வந்தது, ஆனால் காபிமாஸுக்கு வரவில்லை. அதன்பின் இன்னொன்று வருவதாகப் பேச்சு. செவ்வாய், வியாழன், சனி தோறும் ரிக்ஸியோ அழைத்தான். "அம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டபோது நேரியோ, "குடுத்தாடா. 'ஆண்டவர் உன்ன ஆசீர்வதிக்கட்டும் மகனே'ன்னு அழுதுக்கிட்டே குடுத்தா" என்றான். அழுதுகொண்டே என்பதாவது உண்மை. "அம்மா ஏன் ஒரு நாள்கூட உங்ககூட வரல?" என்றால், "சீட் இல்லடா, நாலும் ஆளு" என்பான். அதுவும் உண்மைதான். ஒடாலிஸிடமும் ஃபோன் போகும். "சித்தி, வாய் எப்படி இருக்கு?" "வாய்தான்டா இருக்கு, மத்ததெல்லாம் மெஷின்ல" என்பாள். வீட்டில் நேரியோ நின்றுகொண்டே சாப்பிட ஆரம்பித்தான். ஓடாத நாளில்கூட வண்டியைக் கழுவினான். சிரோ நல்ல மீனாக ஒதுக்கிக் கொண்டுவந்தார், டீச்சர் கொய்யா இனிப்பு, அவுதியோ குழாயைச் சரிசெய்துகொடுத்தார். என்னத்துக்கு இவ்வளவு மரியாதை என்று எக்டாவுக்குக் கூச்சமாக இருந்தது. "என் துக்கத்துல நாலு பேர் பொழைக்கறாங்கன்னா, அது எம்புள்ள குடுத்த புண்ணியந்தான்" என்று எல்வியாவிடம் சொன்னாள். அந்தத் துக்கத்தை அவள் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளத் தொடங்கினாள். கல்யாண வீட்டுக்குப் போகாமல் இருந்தாள். பாட்டுக் கேட்டால் எழுந்து உள்ளே போய்விட்டாள். எங்கே கொஞ்சம் ஆறிவிடுமோ என்று ராத்திரி எழுந்து சாவியைத் தொட்டுப் பார்த்தாள்.

மழைக்காலம் முடியப்போகிற ஒரு வியாழக்கிழமை. டாங்கியில் போன தடவை மிச்சம் கொஞ்சம் இருந்தது, கேனில் பாதிதான் நிறைந்திருந்தது. எக்டா கண்ணை மூடி, "எந்த ரோட்டோரம் கெடக்கறானோ, யாராச்சும் ஒரு பிடி மண்ணாவது போட்டாங்களோ..." என்று தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். கேனைப் பிடித்திருந்த ஒடாலிஸ் அதைக் கீழே வைத்துவிட்டாள். "அக்கா, போதும். நிறுத்து." "பாதிதானடி ஆயிருக்கு." "ரிக்ஸியோ உசுரோட இருக்கான். ரொட்டிக்கடையில வேலை பாக்கறான். கொழுகொழுன்னு இருக்கானாம்." எக்டாவின் இடது கண்ணில் ஒரு சொட்டு வெளியே வந்து, விழாமல் நின்றுவிட்டது. "யார் சொன்னா?" "அவனே சொன்னான். பாலத்துல. மே மாசத்துலேர்ந்து." "உனக்குத் தெரியுமா?" "வண்டியில எல்லாருக்கும் தெரியும்." "அப்ப ஏன்டி இன்னைக்குச் சொல்ற? வண்டி ஓடலேன்னா செத்துப்போவடி நீ!" ஒடாலிஸ் கேனுக்கு மூடி போட்டு இறுக்கினாள். "அவன் கேட்டுட்டான் அக்கா. முதல் நாளே கேட்டுட்டான், உங்கிட்ட ஆசீர்வாதம். அத்தான் உனக்குப் பதிலா குடுத்துக்கிட்டிருக்காரு. அது ஒட்டுமா? நான் பக்கத்துலயே உக்காந்து கேட்டுக்கிட்டிருக்கேன். கேட்டது குடுக்காம இத்தன மாசம். அதுல ஓடற வண்டியில போயி என் ரத்தத்த சுத்தம் பண்ணி என்ன சுத்தம்?" வாசலில் நேரியோ சாவிக்காக வந்து நின்றிருந்தான். எக்டா அவனை ஏறிட்டுப் பார்த்தாள். "எம்பேர்ல நீ குடுத்தியா?" "குடுத்தேன்." "என்ன வார்த்த சொன்ன?" அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "'மகனே'ன்னு சேத்துக்கிட்டியா?" "சேத்துக்கிட்டேன்." "அதாவது செஞ்சியே" என்றாள் எக்டா. ஏப்ரனைக் கழற்றி நாற்காலியில் எறிந்துவிட்டு வண்டியைப் பார்த்து நடந்தாள்.

நாலு சீட்டுக்கு ஐந்து பேர். எக்டா முன்சீட்டில் உட்கார்ந்து ஒடாலிஸை மடியில் வைத்துக்கொண்டாள். கனமே இல்லை, துணி மூட்டை மாதிரி இருந்தாள். பின்சீட்டில் மூன்று பேரும் திருடிப் பிடிபட்ட பிள்ளைகள்போல முட்டியைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். அவுதியோ ஒரு தடவை, "எக்டா, நான்தான் முதல்ல..." என்று ஆரம்பித்தார். "பேசாம வாங்கண்ணே. பெட்ரோல் வீணாவுது" என்றாள். நடுப்பாலத்தில் ஃபோன் அடித்தது. நேரியோ அதை அவள் கையில் கொடுத்தான். "ஆசீர்வாதம், அப்பா." "அப்பா இல்லடா." "ஆசீர்வாதம், அம்மா." எக்டா மூன்று தடவை கொடுத்தாள். வரிசையிலிருந்து போனதற்கு ஒன்று, போய்ச் சேர்ந்ததற்கு ஒன்று, அன்றைக்கு ஒன்று. சொல்லச் சொல்லக் கண்ணீர் வழிந்து ஒடாலிஸின் பிடரியில் இறங்கியது. ஒடாலிஸ் விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். "உப்புக்கா" என்றாள். சிரித்தாள். "நல்ல உப்பு."

அதற்குப்பிறகு எக்டாவிடமிருந்து ஒரு சொட்டுப் பெட்ரோல் வரவில்லை. சாவியைப் பிடித்தாள், மஞ்சள் சட்டையை முகர்ந்தாள், செத்துப்போன அம்மாவை, அப்பாவைக் கூப்பிட்டாள். அவர்களுக்காக அழுது முடித்து எத்தனையோ வருடமாகிவிட்டது, வரவில்லை. தங்கையை நினைத்து அழுதாள். பயத்தின் கண்ணீர், வெறும் தண்ணீர். "நான் செத்துட்டதா நெனச்சுக்கோ" என்று ஒடாலிஸ் கட்டிலில் நீட்டி நிமிர்ந்து படுத்து, கையைக் கூப்பி, ஒரு கண்ணைத் திறந்து, "வருதா?" என்றாள். இரண்டு பேரும் கட்டில் ஆடச் சிரித்தார்கள். நேரியோ, நேற்றுவரை ஓடிய வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் வரிசையின் கடைசியில் நிறுத்திவிட்டு உள்ளே உட்கார்ந்தான். மகன் சவரம் செய்த அதே கண்ணாடியில் முகம் பார்த்துச் சவரம் செய்தான். மரகாய்போவுக்கு வாரம் இரண்டு தடவை மீன் லாரி ஒன்று போனது. சிரோ பேசி அதில் ஐஸ் பெட்டிமேல் மூன்று பேருக்கு இடம் வாங்கினார். நாலு பேருக்கு மூன்று இடம். "டீச்சர் போகட்டும். நான் சின்னவ, தாங்குவேன்" என்றாள் ஒடாலிஸ். அடுத்த தடவையும் அதையே சொன்னாள். கால் வீங்கியது, முகம் வீங்கியது, மூச்சுக்குத் தலையணை உயர்ந்துகொண்டே போனது. எக்டா ஏதாவது வண்டியை மறிக்கலாம் என்று ஏரிக்கரை ரோட்டில் போய் நின்றாள். போகிற வண்டியே இல்லை. ஒடாலிஸ் பேசிய கடைசிப் பேச்சு, "அக்கா, ரொட்டி கருகுது" என்பது. ரொட்டி கருகத்தான் செய்திருந்தது. எடுத்துவைத்துவிட்டு எக்டா திரும்பி வந்தபோது தலையணையில் தலை சாய்ந்திருந்தது.

ஊர் அதற்குமேல் நடந்ததை அதிகம் விவரித்துச் சொல்வதில்லை. எக்டா அடுப்பிலிருந்து தள்ளிப் போய் உட்கார்ந்தாள். யாரும் புனல் பிடிக்கவில்லை, சாவியும் கையில் இல்லை. எல்வியா வந்து பார்த்தபோது அவள் மடி நனைந்து, காலடியில் தேங்கி, தரை விரிசலில் கசிந்திருந்த கறுப்பு எண்ணெயை ஒதுக்கிக்கொண்டு, தெளிவாக, வானவில் நிறம் காட்டிக்கொண்டு பெட்ரோல் ஓடிக்கொண்டிருந்தது. எல்வியா சத்தமில்லாமல் போய்ப் பாத்திரங்களைக் கொண்டுவந்தாள். சவப்பெட்டிக்காரரின் வண்டி பெட்ரோல் இல்லாமல் முற்றத்தில் கோழி அடையும் கூடாகியிருந்ததால், நேரியோவின் வண்டிதான் வர வேண்டும். அது வரிசையில் நின்றது. சிரோ ஒரு கேனைத் தோளில் சுமந்துகொண்டு அங்கே போனார். நேரியோவுக்கு முன்னால் ஒரே ஒரு வண்டி இருந்தது. சிரோ கேனை நீட்டினார். நேரியோ வாசனையைப் பிடித்ததும் புரிந்துகொண்டான். அத்தனை நாள் காத்த இடத்தை விட்டு, வரிசையிலிருந்து வண்டியை வெளியே எடுத்தான். பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் எல்லோரும் இறங்கித் தொப்பியைக் கழற்றினார்கள். மலைநாட்டுச் சிப்பாய் அன்றைக்கு என்ன கிழமை என்று கேட்கவில்லை. கல்லறைத் தோட்டம் போய்த் திரும்பியும் டாங்கி முள் பாதிக்குமேல் நின்றது.

அடுத்த செவ்வாய்க்கிழமை விடிந்ததும் அவுதியோவும் டீச்சரும் சிரோவும் வந்து வாசலில் நின்றார்கள். கேட்க வாய் வரவில்லை. கேன் நிறைந்து, மூடி போட்டு, வண்டிப் பக்கத்தில் வைத்திருந்தது. யாரும் எதையும் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. மூன்று பேரும் பின்சீட்டில் ஏறினார்கள். நேரியோ உட்கார்ந்து சாவியைப் போட்டான், திருகவில்லை. முன்சீட் காலியாக இருந்தது. குஷனில் இன்னும் ஒடாலிஸ் உட்கார்ந்த குழி. "நேரமாவுதே" என்றாள் டீச்சர் மெல்ல. "காலி சீட்டோட பாலம் ஏறக் கூடாது டீச்சர். தெரியாத மாதிரிப் பேசாதீங்க" என்றார் அவுதியோ. வண்டி நின்றது. கோழிகள் கறுத்த கால்களோடு சக்கரத்தைச் சுற்றி வந்தன. கடைசியில் எக்டா வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். முன்கதவைத் திறந்து, அந்தக் குழியின்மேல் உட்கார்ந்து, "எடு கிழவா" என்றாள்.

நடுப்பாலத்தில் ஃபோன் அடித்தது. கீழே ஏரி எண்ணெய் பூசிப் பளபளத்தது. எக்டா எடுத்து, "நான்தான்டா" என்றாள். "ஆசீர்வாதம், அம்மா." "ஆண்டவர் உன்ன ஆசீர்வதிக்கட்டும் மகனே." ரொட்டிக்கடையில் தட்டுகள் மோதும் சத்தம் கேட்டது. அவன் காலைநேர ரொட்டியை அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தான். "இத்தன வாரமா லைனே கெடைக்கல. சித்திகிட்ட குடுங்க. நேத்தே ஒரு ஜோக்கு யோசிச்சு வெச்சிருக்கேன்." நேரியோ வண்டியை ஓரமாக நிறுத்தினான். பின்சீட்டிலிருந்து டீச்சர் மெதுவாக, "இப்ப வேண்டாமே எக்டா... தூங்கறான்னு சொல்லு" என்றாள். எக்டா ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அவன் கேட்டுவிட்டான். கேட்டதைக் கொடுக்காமல் வைத்துக்கொள்ள அவளுக்குக் கை வரவில்லை. சொன்னாள். எப்படி, எப்போது, கடைசிப் பேச்சு ரொட்டியைப் பற்றி என்பது வரை சொன்னாள்.

அந்தப் பக்கம் தட்டுச் சத்தம் நின்றுவிட்டது. பிறகு ரிக்ஸியோவின் குரல், மூக்கடைத்து, எங்கோ சுற்றுமுற்றும் பார்ப்பதுபோல வந்தது. "அம்மா... இங்க என்னமோ பெட்ரோல் வாசம் அடிக்குது."

"அடுப்ப விட்டுத் தள்ளி நில்லுடா" என்றாள் எக்டா. "பக்கத்துல ஏதாவது பாத்திரம் இருந்தா எடுத்துக்கோ."